ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை: ஸ்டோரேஜ் ரேக்கை எந்த வரிசையில் அணைப்பது, எந்த வரிசையில் ஏற்றுவது?

நூற்பாலை_ஐடி கேட்டது:

வணக்கம். எங்கள் கட்டடத்தில் மெயின் பேனல் போர்டு மாற்றுகிறார்கள். அடுத்த வாரம் ஞாயிறு காலை 8 முதல் மாலை 4 வரை மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டரும் அதே பேனல் வழியாகத்தான் வருகிறது, அதனால் அதுவும் கிடையாது. இருப்பது 6 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ்; 45 நிமிடம் தாங்கும் என்று அதன் டிஸ்ப்ளே காட்டுகிறது.

ரேக்கில் உள்ளவை: ஹெச்பிஇ எம்எஸ்ஏ ஸ்டோரேஜ் ஒன்று (டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு, 12 டிஸ்க்), அதோடு எஸ்ஏஎஸ் கேபிளில் இணைந்த எக்ஸ்பான்ஷன் பெட்டி இரண்டு (தலா 12 டிஸ்க்), ஸ்டோரேஜையும் ஹோஸ்ட்களையும் இணைக்கும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் 2, விஎம்வேர் ஹோஸ்ட் (விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்) 3, கோர் நெட்வொர்க் ஸ்விட்ச் 2, பேக்கப்புக்கு 8 டிஸ்க் சினாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) ஒன்று. விஎம்கள் சுமார் 40. டொமைன் கன்ட்ரோலர் (பயனர் பெயர், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர்) இரண்டும், ஹோஸ்ட்களை மொத்தமாக நிர்வகிக்கும் விசென்டரும் அந்த விஎம்களுக்குள்தான். டேலி டேட்டா ஒரு ஃபைல் சர்வர் விஎம்மில் இருக்கிறது.

ஸ்டோரேஜ் நிறுவிய நாளிலிருந்து, நான்கு வருடமாக, ஒருமுறையும் அணைக்கப்படவில்லை. எதை முதலில் அணைப்பது, எதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது, மாலை ஏற்றும்போது எதைப் பார்த்து உறுதி செய்வது? ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

டிஸ்க்_ஷெல்ஃப் எழுதியது:

மஞ்சள் விளக்கிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சரிசெய்யாமல் ஞாயிறு பற்றிப் பேச வேண்டாம். நான்கு வருடம் நிற்காமல் சுற்றிய டிஸ்க், அணைத்து ஆறிய பிறகு மறுபடி சுற்ற மறுப்பது சாதாரணமாக நடப்பது. பேரிங் கிரீஸ் இறுகும், வலுவிழந்த மோட்டார் திணறும். ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே தெரியாத குறை நின்று கிளம்பும்போதுதான் தெரியும். ஏற்கெனவே ஒன்று போன குழுவில் ஏற்றும்போது இன்னொன்றும் போனால், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போவதை மட்டும் தாங்கும் அமைப்பு) என்றால் கதை முடிந்தது. ரெய்டு 6 (இரண்டு போவதைத் தாங்கும்) என்றால் நூலிழையில் தொங்கும்.

எனவே டிஸ்க்கை இந்த வாரமே மாற்றுங்கள். சனிக்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். 8 டிபி டிஸ்க் என்றால், ரீபில்டு (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி உருவாக்குவது) நொடிக்கு 120 எம்பி வேகத்தில் ஓடினாலும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலை நேரத்தில் சர்வர்களின் சுமையும் சேர்ந்தால் இரண்டு நாளையும் தாண்டலாம். ரீபில்டு முடிந்ததும் டிஸ்க் குரூப் ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரப் (டிஸ்க் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஒரு சுற்று ஓட விடுங்கள். மறைந்திருக்கும் பேட் செக்டர்கள் அதில்தான் வெளிவரும். கையில் உதிரி டிஸ்க் குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு இருக்கட்டும். பவர் சப்ளை ஒன்றும் கேட்டு வையுங்கள். நெடுநாள் ஓடி ஆறிய பெட்டியில் டிஸ்க்கைப் போலவே அதிகம் போவது அதுதான்.

இனி வரிசை. அணைப்பது மேலிருந்து கீழே, ஏற்றுவது கீழிருந்து மேலே. மேலே என்பது டேலி திறந்து வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. கீழே என்பது எக்ஸ்பான்ஷன் பெட்டியில் சுற்றும் டிஸ்க்.

அணைக்கும்போது: பயனர்கள், அப்ளிகேஷன், டேட்டாபேஸ், மற்ற விஎம்கள், டொமைன் கன்ட்ரோலர், விசென்டர், ஹோஸ்ட் மூன்றும், பிறகு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இரண்டும், அதன் பிறகு எக்ஸ்பான்ஷன் பெட்டிகள், ஃபைபர் ஸ்விட்ச், நெட்வொர்க் ஸ்விட்ச், கடைசியாக யுபிஎஸ்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஸ்டோரேஜ். ஹோஸ்ட் எல்லாம் அணைந்துவிட்டது, இனி யாரும் எழுதப்போவதில்லை என்று பவர் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார்கள். ஹோஸ்ட் கடைசியாக எழுதியது டிஸ்க்குக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது கன்ட்ரோலரின் ரைட்-பேக் கேஷில் (டிஸ்க்குக்குப் போகும்வரை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கும். அங்கே விழுந்தவுடனேயே 'எழுதியாயிற்று' என்று ஹோஸ்ட்டுக்குப் பதில் போய்விடும். எம்எஸ்ஏ மேனேஜ்மென்ட் பக்கத்தில் இரண்டு கன்ட்ரோலருக்கும் சேர்த்து ஷட் டவுன் கொடுத்தால்தான் அந்த கேஷ் முறையாக டிஸ்க்குக்கு இறங்கும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும், கவனம்.

ஷட் டவுன் ஆன பிறகும் ஃபேன் சத்தம் நிற்காது, விளக்குகளும் எரியும். அதைப் பார்த்து 'இன்னும் அணையவில்லை' என்று இன்னொரு முறை எதையாவது அழுத்த வேண்டாம். பின்பக்கம் கன்ட்ரோலர் மீதுள்ள கேஷ் ஸ்டேட்டஸ் விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் கேஷ் காலி. நிலையாக எரிந்தால் எழுதப்படாத டேட்டா உள்ளே இருக்கிறது. மினுக்கினால் அதை ஃப்ளாஷ் கார்டுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கன்ட்ரோலரை வெளியே இழுப்பது கூடவே கூடாது. விளக்கு அணைந்த பிறகு கன்ட்ரோலர் பெட்டியின் பவர் சப்ளை இரண்டையும் நிறுத்துங்கள். அதற்கப்புறம்தான் எக்ஸ்பான்ஷன் பெட்டிகள். இந்த வரிசையை மாற்றினால், உயிரோடு இருக்கும் கன்ட்ரோலர் தன் கண்ணெதிரே 24 டிஸ்க் மறைவதைப் பார்க்கும். அதன் கணக்கில் அது பராமரிப்பு வேலை இல்லை, விபத்து.

ஏற்றும்போது, ஸ்விட்ச்கள் எழுந்த பிறகு, முதலில் எக்ஸ்பான்ஷன் பெட்டி இரண்டும். மூன்று நிமிடம் விடுங்கள். எல்லா டிஸ்க்கிலும் பச்சை நின்று, மஞ்சள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கன்ட்ரோலர் பெட்டி. கன்ட்ரோலர் எழுந்து மேனேஜ்மென்ட் பக்கம் திறக்க ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். அதில் 36 டிஸ்க்கும் தெரிகிறதா, டிஸ்க் குரூப் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதா, இரண்டு கன்ட்ரோலரும் எழுந்தனவா, கேஷ் ரைட்-பேக் நிலையில்தான் இருக்கிறதா என்று நான்கையும் பார்த்த பிறகே ஹோஸ்ட்டைத் தொடுங்கள். கேஷைக் காக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகாத வரை சில பெட்டிகள் ரைட்-த்ரூவில் (கேஷில் வைக்காமல் நேரே டிஸ்க்கில் எழுதும் முறை) ஓடும், எல்லாம் மெதுவாகத் தெரியும். அது கோளாறு இல்லை, கொஞ்ச நேரத்தில் தானே மாறும்.

---

விஎம்_மேய்ப்பன் எழுதியது:

ஸ்டோரேஜ் பக்கத்தை மேலே அண்ணன் சொல்லிவிட்டார். விஎம் பக்கத்தில் உங்களுக்கு ஒரு வட்டச் சிக்கல் இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. டொமைன் கன்ட்ரோலர் விஎம்மில் இருக்கிறது. விஎம் ஸ்டோரேஜில் இருக்கிறது. ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட்டுக்குள் நுழைய டொமைன் பயனர் பெயர் வைத்திருந்தால், மாலை 4 மணிக்கு உள்ளே போகவே முடியாது. டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) இல்லாததால் பெயரை வைத்து எதையும் திறக்கவும் முடியாது.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள், அச்சடித்த தாளில். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இரண்டின் ஐபி, ஹோஸ்ட் மூன்றின் ஐபி, ஹோஸ்ட்களின் ஐலோ (சர்வர் அணைந்திருந்தாலும் வெளியிலிருந்து இயக்க உதவும் பகுதி) ஐபி, ஃபைபர் ஸ்விட்ச் ஐபி, நாஸ் ஐபி. ஒவ்வொன்றுக்கும் டொமைனைச் சாராத லோக்கல் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு பெட்டகம் விஎம்மில் ஓடுகிறது என்றால் அதுவும் அன்று மாலை உதவாது. எழுதிய பாஸ்வேர்டு ஒவ்வொன்றையும் வெள்ளிக்கிழமையே ஒருமுறை போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் நிலையான ஐபி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபி வழங்கும் டிஹெச்சிபி சர்வரும் விஎம்தானே.

அணைக்கும் வேலை சனி இரவே தொடங்குகிறது. விண்டோஸ் விஎம்களில் அப்டேட் இறங்கி, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். காத்திருந்தால் சனிக்கிழமையே ரீஸ்டார்ட் செய்து முடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிறு காலை ஷட் டவுன் கொடுத்ததும் 'கணினியை அணைக்காதீர்கள்' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். 40 விஎம்மில் நாலைந்து இப்படி நின்றால் அரை மணி நேரம் பறந்துவிடும். விஎம்வேர் டூல்ஸ் இல்லாத விஎம் எவை என்றும் இப்போதே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு வெளியிலிருந்து கெஸ்ட் ஷட் டவுன் வேலை செய்யாது, கன்சோலில் உள்ளே போய்த்தான் அணைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் பாதியில் நிற்கும் விஎம், ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் வேலை, இரண்டையும் சனி இரவே முடித்துவிடுங்கள். ஞாயிறு அதிகாலை பேக்கப் அட்டவணை இருந்தால் நிறுத்தி வையுங்கள்.

ஞாயிறு காலை, கிளஸ்டரில் (மூன்று ஹோஸ்ட்டும் சேர்ந்த குழு) முதலில் ஹெச்ஏவை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் ஹோஸ்ட்டை அணைக்க, அது விஎம்களை இன்னொரு ஹோஸ்ட்டில் ஏற்றப் பார்க்கும். விஎம்களைத் தானாக இடம் மாற்றும் டிஆர்எஸ் மேனுவலுக்குப் போகட்டும். பிறகு விசென்டர் விஎம் எந்த ஹோஸ்ட்டில் இருக்கிறது, டொமைன் கன்ட்ரோலர் இரண்டும் எதில் எதில் இருக்கின்றன என்று அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மூன்றையும் ஒரே ஹோஸ்ட்டுக்கு நகர்த்துங்கள். மாலையில் மூன்று ஹோஸ்ட்டிலும் தேடி அலைவதற்கு இது மேல்.

அப்ளிகேஷன் சர்வர்கள், டேட்டாபேஸ், ஃபைல் சர்வர் என்று அணைத்துக்கொண்டே வாருங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ் இருந்தால் 'ஷட் டவுன் இமீடியட்' கட்டளை. அபார்ட் வேண்டாம், அது கரண்ட் போனதற்குச் சமம். கடைசியில் டொமைன் கன்ட்ரோலர்கள், அதற்குப் பிறகு விசென்டர். விசென்டரை அணைத்ததும் கிளஸ்டர் திரை போய்விடும், எனவே அடுத்த வேலை ஒவ்வொரு ஹோஸ்ட்டின் சொந்த வலைப்பக்கத்தில். அங்கே மெயின்டனன்ஸ் மோடு போட்டு ஷட் டவுன்.

மாலையில் ஹோஸ்ட் எழுந்ததும் டேட்டாஸ்டோர் (விஎம்கள் இருக்கும் ஸ்டோரேஜ் பகுதி) எல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஹோஸ்ட் முந்திக்கொண்டு ஸ்டோரேஜ் பிந்தியிருக்கிறது என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டோரேஜ் அடாப்டரை ரீஸ்கேன் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த ஹோஸ்ட்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'இன்ஆக்சஸிபிள்' என்று சாம்பல் நிறத்தில் நிற்கும் விஎம்மைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேவையே இல்லை, டேட்டாஸ்டோர் வந்ததும் அது தானே சரியாகும். 'புதிய டேட்டாஸ்டோர் உருவாக்கு' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே உங்கள் பழைய லன் (ஸ்டோரேஜ் ஹோஸ்ட்டுக்குக் கொடுத்த டிஸ்க் பகுதி) காலி டிஸ்க் போலத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

மெயின்டனன்ஸ் மோடை நீக்குங்கள், டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை ஏற்றுங்கள், அதில் நேரம் சரியா என்று பாருங்கள், பிறகு விசென்டர், பிறகு டேட்டாபேஸ், பிறகு மற்றவை. நேரம் ஏன் என்றால், பழைய சர்வரின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் செத்திருக்கும். மின்சாரம் இருந்தவரை தெரியாது. எட்டு மணி நேரம் நின்றால் ஹோஸ்ட்டின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் எழும், டொமைன் கன்ட்ரோலர் அதைப் பிடித்துக்கொள்ளும், 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் கெர்பராஸ் (டொமைனின் நுழைவுச் சரிபார்ப்பு) யாரையும் உள்ளே விடாது. பாஸ்வேர்டு தவறு என்று எல்லோரும் போன் செய்வார்கள்.

ஹெச்ஏவைக் கடைசியில் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை ஹோஸ்ட் ஒன்று விழும்போதுதான் தெரியும்.

லினக்ஸ் சர்வர் எதுவும் நேரடியாக ஸ்டோரேஜையோ நாஸையோ மவுன்ட் செய்திருந்தால் எஃப்எஸ்டேப் கோப்பில் (மவுன்ட் பட்டியல்) அந்த வரிக்கு நோஃபெயில் (மவுன்ட் வராவிட்டாலும் தொடரச் சொல்லும் குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மவுன்ட் வராதபோது 90 நொடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஏறி வந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

---

கேவிஏ_கணக்கன் எழுதியது:

45 நிமிடம் என்று டிஸ்ப்ளே சொல்வதை நம்ப வேண்டாம். அந்த எண் யுபிஎஸ்ஸின் கணிப்பு, பேட்டரி புதிதாக இருக்கிறது என்ற நினைப்பில் வருவது. சீல்டு லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரியில் மூன்றிலிருந்து ஐந்து வருடம். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். யுபிஎஸ் அறையில் ஏசி இல்லை என்றால் உங்கள் நான்கு வருடப் பேட்டரியை முதியவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பேனல்காரர்கள் 8 மணி என்றால் நீங்கள் 6 மணிக்கு, ஈபி கரண்ட் இருக்கும்போதே அணைக்க ஆரம்பித்து 7:30க்குள் முடித்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரியில் ஓட்டிக்கொண்டே அணைப்பது எதிர்பாராத மின்தடைக்கு உள்ள வழி. தேதி தெரிந்த மின்தடைக்கு அது எதற்கு?

இன்னொன்று, ரேக்கில் எல்லாம் அணைந்ததும் பிடியு (ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை) பிளக்குகளை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். யுபிஎஸ் அவுட்புட் எம்சிபியையும், ரேக்குக்குப் போகும் எம்சிபி ஒவ்வொன்றையும் கீழே இறக்கி, அதில் ஒரு சீட்டு கட்டித் தொங்கவிடுங்கள். காரணம், புதுப் பேனலில் கரண்ட் கொடுத்துச் சோதிக்கும்போது ஒருமுறை கொடுத்து ஒருமுறை எடுப்பார்கள், பேஸ் மாற்றிப் பார்ப்பார்கள், சில சமயம் நியூட்ரல் தளர்ந்து 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரைகூடப் போகும். அந்த விளையாட்டில் உங்கள் டிஸ்க்குகள் கலந்துகொள்ள வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரில் பேஸ்-நியூட்ரல், நியூட்ரல்-எர்த் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏற்றாதீர்கள், காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும்போது ஒரே எம்சிபியைத் தூக்கி ரேக் முழுவதையும் எழுப்பாதீர்கள். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுற்றத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். சுற்றிவிட்டால் 7 அல்லது 8 வாட் போதும். 12 டிஸ்க் பெட்டிக்கு 288 வாட் ஒரே மூச்சில். மூன்று பெட்டிக்கும் சேர்த்து 864. நல்ல பெட்டிகள் டிஸ்க்குகளை வரிசையாகச் சுற்ற விடும், அதனால் இந்த எண் அப்படியே வராது. ஆனால் இதற்கு மேல் சர்வர் பவர் சப்ளைகளின் இன்ரஷ் இருக்கிறது. உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்பும் மில்லிசெகண்டுகளில் வழக்கமான கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஒன்றாகத் தூக்கினால் எம்சிபி தட்டும், அல்லது யுபிஎஸ் ஓவர்லோடு காட்டி பைபாஸுக்குத் தாவும். ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவே அரை நிமிடமாவது இடைவெளி. அணைத்த பெட்டியை உடனே மறுபடி ஏற்ற வேண்டி வந்தாலும் இதே அரை நிமிடம். பவர் சப்ளை முழுதாக இறங்கட்டும்.

ஒவ்வொரு பெட்டியிலும் பவர் சப்ளை இரண்டு இருக்குமே, ஒன்று ஏ லைனிலும் மற்றது பி லைனிலும் போகிறதா என்று அன்று கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே பிடியுவில் செருகியிருப்பது வேறு நாளில் தெரியாது.

சர்வர் பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு உண்டு. ஹோஸ்ட்களில் அதை 'ஆஃப்' என்று வைத்து கையால் ஏற்றுங்கள், இந்த ஒரு நாளுக்காவது. ஆட்டோவில் இருந்தால் எம்சிபி தூக்கியவுடன் ஹோஸ்ட் ஸ்டோரேஜை முந்தும்.

ஏசியையும் வரிசையில் சேருங்கள். அணைக்கும்போது ரேக் நின்ற பிறகு பதினைந்து நிமிடம் ஏசி ஓடட்டும். ஏற்றும்போது ரேக்குக்கு முன்பே ஏசி. அறை 27 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ரேக்.

---

நூற்பாலை_ஐடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மஞ்சள் டிஸ்க்குக்கு மாற்று நாளை வருகிறது. மேலாளர் கேட்பது இரண்டு. ஒன்று, எட்டு மணி நேரம் ரேக் நிற்கும்போதே ஸ்டோரேஜ் ஃபர்ம்வேர் அப்டேட்டையும், ரேக்கைக் கழற்றித் தூசி தட்டுவதையும் முடித்துவிடலாமே என்கிறார். இரண்டு, நாஸுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டுமா, பவர் பட்டனை அழுத்தினால் போதாதா?

---

டிஸ்க்_ஷெல்ஃப் எழுதியது:

ஃபர்ம்வேர் வேண்டாம். மாலையில் ஏதாவது ஏறவில்லை என்றால் காரணம் கரண்டா, டிஸ்க்கா, ஃபர்ம்வேரா என்று பிரிக்க முடியாமல் போகும். இரட்டை கன்ட்ரோலரின் பயனே ஓடும்போதே ஒவ்வொன்றாக அப்டேட் செய்யலாம் என்பது. இரண்டு வாரம் கழித்து அமைதியான ஒரு இரவில் செய்யுங்கள்.

தூசிக்கு ரேக்கின் முன்வாயில் வலையையும் தரையையும் துடைத்தால் போதும். டிஸ்க்கைக் கழற்றினால் அதே ஸ்லாட்டில் போட வேண்டும், எஸ்ஏஎஸ் கேபிளைக் கழற்றினால் அதே போர்ட்டில் செருக வேண்டும். பெட்டிகளின் இணைப்பு வரிசை மாறினால் பெட்டி எண்கள் குழம்பும். சும்மா இருக்கும் ஒன்றைத் தொட்டு வேலை வாங்கிக்கொள்வானேன். செல்போனில் ரேக்கின் பின்பக்கத்தை இன்றே நாலு படம் எடுத்து வையுங்கள், அது போதும்.

நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்: கோர் ஸ்விட்ச் இரண்டிலும் ஓடும் கான்ஃபிகரேஷன் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ ஒரு விலான் (நெட்வொர்க் பிரிவு) சேர்த்து, சேமிக்காமல் போயிருப்பார்கள். நான்கு வருடம் அது வேலை செய்யும். ஞாயிறு மாலை ஸ்விட்ச் பழைய கான்ஃபிகரேஷனோடு எழும். ஸ்டோரேஜ், சர்வர் எல்லாம் நன்றாக இருந்தும் யாருக்கும் எதுவும் திறக்காது. ஃபைபர் ஸ்விட்ச்சில் சோனிங்குக்கும் (எந்த ஹோஸ்ட் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) இதே கதைதான். இரண்டையும் சேமித்து, ஒரு நகலை லேப்டாப்பில் இறக்குங்கள். விஎம்மில் அல்ல, லேப்டாப்பில்.

---

பழைய_டேப் எழுதியது:

நாஸ் பற்றி. பவர் பட்டன் போதும், ஆனால் எப்படி அழுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சினாலஜியில் அழுத்திப் பிடித்து, 'பீப்' கேட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். பவர் விளக்கு மினுக்க ஆரம்பித்து, சேவைகள் நின்று, டிஸ்க் நின்று, கடைசியில்தான் அணையும்; சில நிமிடம் பிடிக்கலாம். பீப் கேட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் கட்டாய அணைப்பு ஆகிவிடும், பிளக்கைப் பிடுங்கியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இதைவிட வலைப்பக்கத்தில் ஷட் டவுன் கொடுப்பது நல்லது. ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருந்தால் அங்கே சொல்லும்.

அணைப்பதற்கு முன் யுஎஸ்பி டிஸ்க் இருந்தால் எஜெக்ட் செய்யுங்கள். டேலி டேட்டா பேக்கப், மற்ற பேக்கப் இரண்டும் சனி இரவு முழுமையாக முடிந்ததா என்று பாருங்கள். 'முடிந்தது' என்ற வரியை மட்டும் பார்க்காமல் ஒரு கம்பெனி டேட்டாவை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். டேலியை ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது ஃபைல் சர்வர் போனால் டேட்டா கெடுவதற்கு வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலையில் அலுவலகத்தில் யாரும் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், வீட்டிலிருந்து ரிமோட்டில் ஒருவர் இருப்பார். ஃபைல் சர்வரில் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்த பிறகு அணையுங்கள்.

நாஸை எப்போது அணைப்பது என்றால், பேக்கப் பெட்டிதான் கடைசியில் தூங்கி முதலில் எழ வேண்டியது. ஸ்டோரேஜ் நல்லபடி அணைந்த பிறகு நாஸ். மாலையில் ஸ்விட்ச்கள் எழுந்ததும் நாஸ். ஸ்டோரேஜ் ஏறவில்லை என்றால் கையில் இருப்பது அது ஒன்றுதானே.

மாலை நாஸ் ஏற நேரமாகிறது, நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் கோப்பு முறைமையைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். பெரிய வால்யூம் என்றால் நீளும். சிக்கிவிட்டது என்று அணைத்து ஏற்றினால் சோதனை மறுபடி முதலிலிருந்து.

தேதி தெரியாத மின்தடைக்கும் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிள் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் போகும். அதை நாஸில் செருகி, நாஸை நெட்வொர்க் யுபிஎஸ் சர்வராக்கினால் மற்றவை அதனிடம் கேட்டுக்கொள்ளும். ஆனால் சினாலஜி 'சேஃப் மோடு'க்குப் போவது என்பது அணைவது அல்ல. சேவைகளை நிறுத்தி, வால்யூமை இறக்கிவிட்டுக் காத்திருக்கும். கூடவே யுபிஎஸ்ஸையும் அணைக்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அதே யுபிஎஸ்ஸில் ஓடும் உங்கள் ஸ்டோரேஜும் சேர்ந்து அணையும். எம்எஸ்ஏ முறையாக நின்றதா என்று அது கேட்காது. அந்தத் தேர்வு உங்களுக்கு வேண்டாம்.

---

விஎம்_மேய்ப்பன் எழுதியது:

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி குறைந்து ஹோஸ்ட்கள் அணைய ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். ஹோஸ்ட் அணைந்தே தீரும். ஆனால் யுபிஎஸ் அவுட்புட் ஒரு நொடியும் போகவில்லை, எனவே 'மின்சாரம் திரும்பியதும் எழு' என்ற பயாஸ் அமைப்புக்கு எழ வேண்டிய காரணமே கிடைக்காது. காலை வரை அப்படியே கிடக்கும். யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருள் இதற்காகத்தான் கடைசியில் யுபிஎஸ் அவுட்புட்டையே அணைத்து ஏற்றச் சொல்லும். இந்த ரேக்கில் அதைச் செய்தால் பழைய_டேப் ஐயா சொன்ன சிக்கல் வரும். ஐலோ வழியாக வெளியிலிருந்து ஏற்ற வழி வைத்துக்கொள்வதே இங்கே எளிது.

---

நூற்பாலை_ஐடி எழுதியது:

கடைசிக் கேள்வி. ஏற்றிய பிறகு டிஸ்க் குரூப் 'குவாரன்டைன்' என்றோ, ஒரு டிஸ்க் 'லெஃப்ட்ஓவர்' என்றோ காட்டினால்? மேனுவலில் மெட்டாடேட்டாவை (டிஸ்க் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்ற குறிப்பு) அழிக்கும் பொத்தான் ஒன்றைப் பார்த்தேன்.

---

டிஸ்க்_ஷெல்ஃப் எழுதியது:

அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள்.

குவாரன்டைன் என்றால் கன்ட்ரோலர் எழுந்தபோது அந்தக் குழுவின் சில டிஸ்க்குகள் கண்ணில் படவில்லை, அதனால் எழுத விடாமல் குழுவைப் பூட்டி வைத்திருக்கிறது. உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான் பூட்டியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் எக்ஸ்பான்ஷன் பெட்டி பிந்தியது, அல்லது எஸ்ஏஎஸ் கேபிள் தளர்ந்தது. எந்த ஸ்லாட்டுகள் தெரியவில்லை என்று பாருங்கள். ஒரு பெட்டி முழுக்க இல்லை என்றால் டிஸ்க்கில் பழுது இல்லை, கேபிளிலோ பவரிலோதான். சரிசெய்து காணாமல் போன டிஸ்க்குகள் அனைத்தும் வந்துவிட்டால் பூட்டு தானே திறக்கும். திறக்காவிட்டால் ஹோஸ்ட் எதையும் ஏற்றாமல் இரண்டு கன்ட்ரோலரையும் ஷட் டவுன் செய்து, பெட்டிகளை அணைத்து, முதலிலிருந்து வரிசையாக ஏற்றிப் பாருங்கள்.

லெஃப்ட்ஓவர் என்றால், தன் குழுவை விட்டுப் பிந்தி வந்த டிஸ்க். அதில் மெட்டாடேட்டாவை அழிப்பது, அந்தக் குழு அது இல்லாமலேயே முழுமையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும், அந்த டிஸ்க்கை உதிரியாக்குவதற்காக. குழு ஆஃப்லைனிலோ குவாரன்டைனிலோ இருக்கும்போது அழித்தால், திரும்ப வரவேண்டிய ஆளின் அடையாள அட்டையைக் கிழித்துப் போட்ட மாதிரி. ஆஃப்லைன் குழுவைக் கட்டாயமாகத் திரும்பக் கொண்டுவரும் 'ட்ரஸ்ட்' என்ற கட்டளையும் உண்டு. அதை சப்போர்ட் ஆள் போனில் இருக்கும்போது அவர் சொல்லித்தான் போட வேண்டும். ஸ்டோரேஜின் சீரியல் எண்ணையும் சப்போர்ட் ஒப்பந்த எண்ணையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தம் ஞாயிற்றுக்கிழமையும் செல்லுமா என்று வெள்ளிக்குள் கேட்டுவிடுங்கள். ஏதாவது அழுத்துவதற்கு முன் கன்ட்ரோலர் லாக்கை இறக்கி லேப்டாப்பில் வையுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.